காலநிலை மாற்றத்தை எண்ணிக் கலங்கும் பதின்பருவத்தினர்: உதவும் வழிகள், ஓர் ஒப்பீடு

பதின்பருவத்தில் இருக்கும் ஒருவர் காலநிலை மாற்றத்தை எண்ணித் தூக்கம் கெட்டுக் கலங்குகிறார் என்று தெரியவரும்போது, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் பெரியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான சில வழிகளைத்தான் நாடுகிறார்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று தேற்றுகிறார்கள். கைப்பேசியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அறிவியலை விளக்கிப் புரியவைக்க முயல்கிறார்கள். மரம் நடுதல் போன்ற ஏதாவதொரு வேலையில் இறக்கிவிடுகிறார்கள். உட்கார வைத்துப் பேசுகிறார்கள். முடியாதபோது மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்கிறார்கள். இவற்றில் எதை முதலில் எடுப்பது, எதைப் பின்னர் சேர்ப்பது, எதை அறவே தவிர்ப்பது என்று முடிவுசெய்ய வேண்டிய நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவுவதற்காகவே இவ்வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இந்தக் கவலை ஓரிரு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 2021 டிசம்பரில் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு, 10 நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்தப்பட்டது. அவர்களில் 59 சதவீதத்தினர் காலநிலை மாற்றத்தைப் பற்றி மிகவும் அல்லது அளவுகடந்து கவலைப்படுவதாகக் கூறினர். அந்த உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகக் கூறியவர்கள் 45 சதவீதத்துக்கும் அதிகம். இந்த எண்களை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை: அரசுகள் போதுமான அளவு செயல்படவில்லை, தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்துக்கும் மன உளைச்சல் மிகுவதற்கும் தொடர்பு இருந்தது. வெள்ளமும் வெப்பமும் மட்டும் பிள்ளைகளை வருத்தவில்லை. பெரியவர்கள் தெரிந்தும் சும்மா இருக்கிறார்கள் என்பதும் வருத்துகிறது. இந்த இரண்டாவது வருத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது என்பது என் கருத்து.

அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கையொன்று இந்தக் கவலையைச் சுற்றுச்சூழல் பேரழிவைப் பற்றிய நீடித்த அச்சம் என்று விவரித்தது. ஆனால் மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் கையேடுகளில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. அப்படி இடம்பெறாததும் சரியே. உண்மையாகவே இருக்கும் ஆபத்தைக் கண்டு அஞ்சுவது மனம் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். ஆகவே அச்சத்தை முற்றிலும் துடைத்துவிடுவது எந்த வழிக்கும் இலக்காக இருக்க முடியாது. ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் அளக்கிறேன்: அது உண்மைக்கு மாறாக எதையும் சொல்ல வைக்கிறதா? தூக்கம், படிப்பு, நட்பு ஆகிய அன்றாடக் காரியங்களை மீட்டுத் தருகிறதா? பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்குமா? பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கையைக் காப்பாற்றுகிறதா? மூன்றாவது கேள்வி முக்கியமானது. ஏனெனில் தேர்வுப் பயத்தைப் போல இது ஒரு தேதியோடு முடிந்துவிடுவதன்று.

தேற்றுவதும் விலக்குவதும்

இரவு பத்தரை மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "இதையெல்லாம் படிச்சு என்னம்மா ஆகப் போகுது? நான் பெரியவளாகும்போது எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்" என்று மகள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அப்படியெல்லாம் எதுவும் ஆகாது, பேசாமப் போய்த் தூங்கு" என்பது நாக்கின் நுனியில் தயாராக இருக்கும் பதில். அன்பினால் வரும் பதில்தான். ஆனால் நான்கு கேள்விகளில் மூன்றில் அது தோற்கிறது. எதுவும் ஆகாது என்பது உண்மையன்று. அவள் அதைக் கைப்பேசியில் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவாள். அடுத்த முறை அச்சம் எழும்போது அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று தனக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அன்று இரவு தூங்குவாள் என்ற ஒரே ஆதாயத்துக்கு இது அதிக விலை. பத்து வயதுக்குட்பட்ட சிறு பிள்ளைகளிடம் "உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்" என்று தேற்றுவது வேறு, அது உண்மையும்கூட. பதின்பருவத்தினரிடம் வெறும் தேற்றுதலை ஒரு வழியாகவே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்தியைக் குறைப்பது இதற்கு உறவு என்றாலும் இன்னும் நியாயமான வழி. காட்டுத்தீக் காணொளி ஒன்று, அடுத்து ஒரு நடனம், அதையடுத்து வெள்ளத்தில் மிதக்கும் கார், அதன் பின் ஒரு விளம்பரம் என்று ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்போது, மனம் எதையும் செரித்துக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. எங்கோ நடந்ததும், எப்போதோ நடந்ததும், நடக்கக்கூடும் என்று யாரோ ஊகித்ததும் ஒரே வேகத்தில், ஒரே அளவுத் திரையில் வந்து போகின்றன. ஒரு காணொளியை முழுவதும் பார்த்தால் அதைப் போன்ற இன்னும் பத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்தச் செயலிகளின் இயல்பு. இந்தப் பெருக்கை மட்டுப்படுத்துவதில் தவறேதுமில்லை. படுக்கையறைக்குக் கைப்பேசி வராமல் பார்த்துக்கொள்வது, நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவைப்பது, நாளின் ஒரு நேரத்தில் நம்பகமான ஓரிரு இடங்களில் மட்டும் செய்தியைப் பார்ப்பது ஆகியவை தூக்கத்தை விரைவில் மீட்டுத் தரக்கூடியவை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதுவே முழு மருந்தாக ஆக்கப்படும்போது. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் மரியா ஓயாலா 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், காலநிலைச் சிக்கலின் கடுமையைக் குறைத்துப் பார்க்கும் பழக்கமுள்ள பிள்ளைகளிடம் சுற்றுச்சூழலின் மீதான ஈடுபாடும் குறைவாகவே இருந்தது. பார்க்காமல் இருந்தால் வலிக்காது. ஆனால் அந்த வலியோடு அக்கறையும் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், பின்லாந்து ஆய்வாளர் பானு பிகாலா, இந்தக் கவலையோடு வாழப் பழகுவதற்குச் செயல், துயரம், விலகியிருத்தல் ஆகிய மூன்றும் தேவை என்றும், மனிதர்கள் இவற்றுக்கிடையே மாறி மாறிச் சென்றுவருவது இயல்பே என்றும் விளக்குகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது: விலகியிருப்பது ஓய்வாக இருக்கலாம், குடியிருப்பாக இருக்கக் கூடாது. "இன்றைக்கு இதைப் பற்றி எதுவும் பார்க்கப் போவதில்லை" என்று குற்றவுணர்ச்சியில்லாமல் முடிவெடுக்கப் பிள்ளைக்கு அனுமதி கொடுப்பது நல்லது. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தடைபோடுவது கெடுதல்.

அறிவியலை விளக்குவது

பொதுவாக ஆசிரியர்களும் படித்த பெற்றோரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வழி இது. இதன் பயன், பிள்ளையின் அச்சம் எதன்மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தவறான தகவலின்மேல் நின்றால் விளக்கம் பெரிதும் உதவும். சரியான தகவலின்மேல் நின்றால் விளக்கம் வெறும் சொற்பொழிவாகிவிடும்.

தவறான தகவலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2030ஆம் ஆண்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2018இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவோடு ஒப்பிடும்போது புவியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த வேண்டுமானால் கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 2030க்குள் 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்றது. இது செய்தித் தலைப்புகளிலும் பதாகைகளிலும் "இன்னும் 12 ஆண்டுகள்தான்" என்று சுருங்கி, பிள்ளைகளின் காதில் உலகம் முடியும் தேதியாகப் போய் விழுந்தது. 1.5 டிகிரி என்பது தாண்டியவுடன் தலைகுப்புற விழும் மலைமுகடன்று. கீழே போகப்போக மோசமாகும் சரிவு. அந்தச் சரிவில் எந்த இடத்தில் நின்றாலும், அதற்கும் கீழே போகாமல் நிற்பதற்குப் பொருள் உண்டு. வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றால் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கடுமையான வெப்ப அலையைச் சந்திக்கும் என்றும், 2 டிகிரியானால் அது சுமார் 37 சதவீதமாகும் என்றும் அதே அறிக்கை கணித்தது. அரை டிகிரி எவ்வளவு பேருடைய வாழ்க்கை என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை, "எப்படியும் எல்லாம் போச்சு" என்று சொல்வதற்குத் தயங்கும்.

நடந்திருக்கும் நல்லவற்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவையும் உண்மையின் பகுதிதான். 2010க்கும் 2019க்கும் இடையே சூரிய மின்சாரத்தின் செலவு உலக அளவில் சுமார் 85 சதவீதமும் காற்றாலை மின்சாரத்தின் செலவு சுமார் 55 சதவீதமும் குறைந்தன என்று ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1987இல் உருவான மாண்ட்ரியால் உடன்படிக்கை பலன் தந்து, அந்தப் படலம் தேறிவருகிறது. புதிதாக எதுவும் செய்யாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் 4 டிகிரியை ஒட்டி உயரும் என்று சுமார் பத்தாண்டுகளுக்கு முன் மதிப்பிடப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள கொள்கைகளின்படி அது 3 டிகிரியை ஒட்டியிருக்கும் என்கின்றன ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கைகள். 3 டிகிரி கொண்டாடத்தக்கதன்று, அதைப் பிள்ளையிடம் மறைக்கவும் தேவையில்லை. ஆனால் மனித முயற்சி வெப்ப உயர்வின் போக்கை மாற்றியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் சூரியத் தகட்டின் விலையைப் பேசுவது, எவ்வளவு சரியான எண்ணாக இருந்தாலும், "உன் அழுகைக்குக் காரணமில்லை" என்று வாதாடுவதாகவே காதில் விழும். உண்மைகள் தேவைப்படும் நேரம், பிள்ளையே கேள்வி கேட்கும் நேரம். நிறைய வாசித்து, ஐபிசிசி அறிக்கையின் சுருக்கத்தைத் தானே இறக்கிப் படித்திருக்கும் பதினேழு வயதுக்காரருக்கு நம்மிடமிருந்து தகவல் தேவையே இல்லை; அவருக்கு வேறொன்று தேவை.

செயலில் இறக்குவது

"கவலைக்கு மருந்து செயல்" என்ற வாசகம் இந்தத் துறையில் கிட்டத்தட்ட வேதமாகிவிட்டது. அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் முடிவு இருக்கிறது.

மேலே சொன்ன ஓயாலாவின் ஆய்வுக்கே திரும்புவோம். என்ன செய்யலாம் என்று தேடித்தேடிச் செயல்படும் பிள்ளைகள் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யும் பழக்கங்களில் முன்னணியில் இருந்தார்கள். ஆனால் அன்றாட வாழ்வில் எதிர்மறை உணர்வுகளும் அவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பன்னிரண்டு வயதில் ஒருவர் தம் கையால் செய்யக்கூடியது மிகச் சிறிது, தீர்க்க நினைக்கும் சிக்கலோ உலகளவு. விளக்கை அணைத்துவிட்டுப் போகும் பிள்ளை, தெரு முழுவதும் எரியும் விளக்குகளைக் காண்கிறது. தன் குப்பையைத் தரம் பிரித்துப் போட்டுவிட்டு, அது ஒரே வண்டியில் கொட்டப்படுவதைப் பார்க்கிறது. இப்படிப்பட்ட தனிமனிதச் செயல்களை மருந்தாகக் கொடுத்தால், உலகின் சுமையை அந்தப் பிள்ளையின் தோளுக்கு மாற்றுகிறோம். சில பிள்ளைகள் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும், வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் பார்த்து, வீட்டாரையும் கண்காணித்து, கடைசியில் தம்மையே தண்டித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு.

கூட்டாகச் செய்யும் செயல் வேறு வகை. 18 முதல் 35 வயது வரையிலான மாணவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வொன்றில், காலநிலைப் பதற்றத்துக்கும் மனச்சோர்வு அறிகுறிகளுக்கும் இருந்த தொடர்பு, பிறரோடு சேர்ந்து செயல்பட்டவர்களிடம் தளர்ந்திருந்தது. தனியாகச் செய்த செயல்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பொதுவான பதற்ற அறிகுறிகளின் மீது கூட்டுச் செயலுக்கும் அத்தகைய பலன் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகக் கூட்டுச் செயல் சோர்வுக்குத் தடுப்பாகலாம். படபடப்பைத் தணிக்கும் என்று உறுதியளிக்க முடியாது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பதின்பருவத்தின் விளிம்பில் இருந்தவர்கள் அல்லது அதைத் தாண்டியவர்கள் என்பதால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்துவதும் முறையாகாது.

இந்த இடத்தில் சுவீடனின் இளம் காலநிலைச் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பெர்க்கின் கதையை யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. ஏறத்தாழ 11 வயதில் பேசாமலும் உண்ணாமலும் மனச்சோர்வில் விழுந்தவர், 2018 ஆகஸ்டில் 15 வயதில் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் பதாகையோடு அமர்ந்தார், மீண்டார் என்பது சுருக்கம். செயலே குணப்படுத்தும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒருவருடைய வாழ்க்கை எல்லோருக்குமான மருந்துச் சீட்டாகிவிடாது என்பது ஒருபுறமிருக்க, இந்தக் கதையில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத நடுப்பகுதி ஒன்று உண்டு: மறியலுக்கு முன்பே அவர் வீட்டில் வாதாடினார், பெற்றோர் செவிசாய்த்தார்கள், இசைக் கலைஞரான தாய் விமானப் பயணத்தையே விட்டார். முதலில் மாறியது வீடு.

கூட்டுச் செயலின் பலன் வெற்றியைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இரு வழக்குகள் பாடம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் 16 இளையோர் 2020இல் தொடுத்த வழக்கில், தூய்மையான, நலம் தரும் சுற்றுச்சூழலுக்கான அவர்களுடைய அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது என்று 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மொண்டானா வழக்குக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 2015இல், அமெரிக்கக் கூட்டரசுக்கு எதிராக 21 இளையோர் தொடுத்த வழக்கு, விசாரணையைக்கூட எட்டாமல் 2025 மார்ச்சில் முடிந்துபோனது. இரண்டு வழக்கிலும் உழைப்பு குறைவில்லை. தோற்றால் நொறுங்கிவிடும் நிலையில் இருக்கும் பிள்ளையை, பல ஆண்டுகள் இழுக்கும், முடிவு எவர் கையிலும் இல்லாத போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்துவது சரியன்று.

எனவே செயலைத் தேர்ந்தெடுப்பதானால் அளவும் எல்லையும் முக்கியம். ஐந்தாறு மாணவர்கள் சேர்ந்து பள்ளியின் மின்கட்டணப் பட்டியலை வாங்கிப் பார்க்கிறார்கள். எந்த வகுப்பறையில் ஆளில்லாத நேரத்திலும் மின்விசிறி சுற்றுகிறது என்று ஒரு வாரம் குறிப்பெடுக்கிறார்கள். கண்டதை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுக்கிறார்கள். அவர் மூன்று யோசனைகளில் ஒன்றை ஏற்கிறார், மற்ற இரண்டுக்கும் பணமில்லை என்கிறார். உலகக் கணக்கில் இது ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கமும் முடிவும் உள்ள வேலை. கூட ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்டார். கிடைத்த பதில் மழுப்பலாக இல்லை. கவலையைத் தாங்கத் தேவையானவை பெரும்பாலும் இவைதான். இதில் சேர்வதும் சேராததும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். நடுவில் ஒதுங்கிக்கொள்ளவும் வழியிருக்க வேண்டும்.

கேட்பதும் பொருள் தேடுவதும்

மேலே சொன்ன மகளுக்கு இன்னொரு பதிலும் சாத்தியம். "எப்ப இருந்து இப்படித் தோணுதும்மா? எதையாவது பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அவள் சொல்லும்போது இடைமறிக்காமல் இருப்பது, "எனக்கும் சில நேரம் பயமாத்தான் இருக்கு" என்று உண்மையை ஒப்புக்கொள்வது, ஆனால் தன் பயத்தை அவள் மடியில் இறக்கிவைக்காமல் இருப்பது. பத்து நிமிடப் பேச்சில் எதுவும் தீர்ந்துவிடாது. ஆனால் அவளுடைய கவலை எந்த வகையைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும். அது எதிர்காலத்தைப் பற்றிய அச்சமா, அழிந்துபோன ஓரிடத்தையோ உயிரினத்தையோ எண்ணிய துயரமா, பெரியவர்கள்மீதான கோபமா, தான் போதுமானதைச் செய்யவில்லை என்ற குற்றவுணர்ச்சியா? நான்குக்கும் ஒரே மருந்தில்லை. துயரத்துக்கு அழ இடம் வேண்டும். கோபத்துக்குக் கேட்கும் ஆள் வேண்டும். குற்றவுணர்ச்சிக்கு, இந்தப் பொறுப்பு யாருடையது என்ற நேர்மையான கணக்கு வேண்டும். கேட்காமல் தேர்ந்தெடுக்கும் எந்த வழியும் குருட்டாம்போக்கில் எய்த அம்புதான்.

வீட்டில் பேச விரும்பாத பிள்ளைகளும் இருப்பார்கள். 2015இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய காலநிலை கஃபே போன்ற கூடல்கள், அமர்ந்து மனத்திலுள்ளதைப் பகிர்ந்துகொள்ள இடம் தருகின்றன. அத்தகைய கூடலைப் பள்ளியில் நடத்துவதானால், அனுபவமுள்ள ஒருவர் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அச்சம் மற்றவரைத் தொற்றி, வந்தபோது இருந்ததைவிட மோசமான மனநிலையில் எல்லோரும் கலைந்து போகும் வாய்ப்பு உண்டு.

கேட்பதைத் தொடர்ந்து வருவது, ஓயாலா பொருள் சார்ந்த சமாளிப்பு என்று குறிப்பிடும் முறை. ஆபத்தை மறுக்காமலே, அதற்குள் நம்பிக்கைக்கு இடம் காண்பது. இந்தச் சிக்கலில் உழைக்கும் அறிவியலாளர்கள், பொறியாளர்கள், வேளாண் மக்கள், சட்டம் இயற்றுவோர் ஆகியோரைப் பற்றி அறிந்து, தான் தனியாக இல்லை என்று உணர்வது. மனிதர்கள் இதற்கு முன்பும் பெரிய தீமைகளைத் தலைமுறைகளாகப் போராடி மாற்றியிருக்கிறார்கள் என்று நீண்ட காலக்கோட்டில் வைத்துப் பார்ப்பது. அந்த 2012 ஆய்வில் இத்தகைய பிள்ளைகளிடம் வாழ்க்கை நிறைவும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. செயலில் மிகுதியாக ஈடுபட்ட பிள்ளைகளுக்கு, எதிர்மறை உணர்வுகளிலிருந்து இது ஒரு காப்பாகவும் இருந்தது. நான்கு கேள்விகளிலும் தேறும் வழி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். இதன் குறை, இதற்கு நேரம் பிடிக்கும் என்பதுதான். ஒரு மாலைப் பேச்சில் வராது.

பெரியவரின் பங்கு

பட்டியல்களில் பொதுவாக இடம்பெறாத வழி ஒன்று உண்டு: பிள்ளையை எதுவும் செய்யச் சொல்லாமல் பெரியவர் தாம் செய்வது. கைவிடப்பட்டோம் என்ற உணர்வு உளைச்சலின் ஒரு வேர் என்றால், அந்த வேருக்கு மருந்து பிள்ளையின் கையில் இல்லை. வாக்களிப்பவர், முதலீடு செய்பவர், அலுவலகத்தில் கொள்முதல் முடிவெடுப்பவர், பள்ளி நிர்வாகக் குழுவில் அமர்பவர் ஆகியோர் பெரியவர்கள். இவற்றில் ஏதோ ஓரிடத்தில் தந்தை ஒருவர் தம் செல்வாக்கைப் பயன்படுத்தி, அதை வீட்டில் ஆரவாரமில்லாமல் சொன்னால், நூறு ஆறுதல் வார்த்தைகளுக்கு அது ஈடு. பெருமைக்காகச் செய்வதைப் பதின்பருவத்தினர் எளிதில் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. கோபம் மிகுந்த பிள்ளைகளுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதையே பரிந்துரைப்பேன்.

எப்போது ஆலோசகரிடம்?

இதைக் கடைசி வழியாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் போகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தவற்றில் எல்லாம் நாட்டம் இழந்திருப்பது, தூக்கமோ உணவோ தொடர்ந்து கெட்டிருப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுப் படபடப்புமாகப் பீதி வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே மனநல ஆலோசகரைப் பார்ப்பது பொருத்தம். வாழ விருப்பமில்லை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ பேசினால் எந்த ஒப்பீடும் வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

ஆலோசகரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலநிலைக் கவலை போலத் தோன்றுவது சில நேரம் வேறொன்றின் மேலாடையாக இருக்கும். குழாயையும் மின்னிணைப்பையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச் சுழற்சி நோய் காலநிலை மாற்ற அச்சத்தோடு பிணைந்து வருவதை ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. பள்ளியில் நடக்கும் கேலியும் கொடுமையும் வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும்போது, உலகத்தைப் பற்றிய கவலை சொல்ல எளிதான கவலையாக இருக்கவும் கூடும்.

சிகிச்சை முறைகளுக்குள்ளும் தேர்வு இருக்கிறது. மிகைப்படுத்தும் எண்ணங்களை இனங்கண்டு சோதித்துப் பார்க்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, "2030இல் எல்லோரும் செத்துவிடுவோம்" என்பது போன்ற எண்ணங்களுக்கு நன்றாக வேலை செய்யக்கூடும். ஆனால் அடிப்படை அச்சத்தையே சிந்தனைக் கோளாறாக நடத்தும் ஆலோசகரிடம் பிள்ளை இரண்டாம் முறை போகாது. கடினமான உணர்வை விரட்டாமல் அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே, தனக்கு மதிப்பானவற்றை நோக்கி நடக்கப் பயிற்றுவிக்கும் ஏற்பு மற்றும் அர்ப்பணிப்புச் சிகிச்சை, நீங்காத உண்மையான ஆபத்துக்கு இன்னும் இசைவானதாக எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கவலைக்கென்றே நடத்தப்பட்ட சிகிச்சை ஆய்வுகள் இன்னும் குறைவு என்பதால், முறையின் பெயரைவிட, பிள்ளையின் அச்சத்தை ஆலோசகர் மதிக்கிறாரா என்பதை முதல் சந்திப்பிலேயே கவனிப்பது மேல்.

இனி முடிவுக்கு வருவோம். எந்தப் பிள்ளையாயினும் கேட்பதில்தான் தொடங்க வேண்டும். தூக்கம் கெட்டிருந்தால் அதே வாரத்தில் இரவுநேரச் செய்தியைக் கட்டுப்படுத்தலாம். அச்சம் தவறான தகவலில் நின்றால் விளக்கம். கோபமாக இருந்தால் பெரியவரின் செயல். சோர்ந்து தனித்திருந்தால் சிறிய, எல்லையுள்ள கூட்டு முயற்சி. ஏற்கெனவே பத்து வேலைகளை இழுத்துப்போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளையானால் இன்னொரு வேலை அறவே வேண்டாம், ஓய்வும் பொருள் தேடும் பேச்சும் போதும். தேர்ந்தெடுத்ததை நான்கு முதல் ஆறு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு, "கவலை போய்விட்டதா?" என்று கேட்காமல், பிள்ளை தூங்குகிறதா, நண்பர்களோடு சிரிக்கிறதா, அடுத்த ஆண்டு என்ன படிக்கலாம் என்று பேசுகிறதா என்று பாருங்கள். மூன்றில் எதுவும் அசையவில்லை என்றால் அதே வழியை இன்னும் அழுத்திச் செய்ய வேண்டாம். வழியை மாற்றுங்கள், அல்லது ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள்.